கண்ணாடிச் சீட்டைப் படிப்பது எப்படி?

கண் பரிசோதனை முடிந்ததும் தரப்படும் சீட்டைப் பலர் படித்துப் பார்க்காமலேயே கண்ணாடிக் கடையில் கொடுத்துவிடுகின்றனர். அதிலுள்ள நான்கைந்து எண்களின் பொருள் தெரிந்தால், கண்ணில் உள்ள குறை என்ன என்பதையும், கடையில் செய்து கொடுத்த கண்ணாடி அதற்குப் பொருந்துகிறதா என்பதையும் ஓரளவு வீட்டிலேயே சரிபார்க்கலாம்.

முதலில் 'ஸ்பியர்' கட்டத்தின் குறியைப் பாருங்கள். கழித்தல் குறி கிட்டப்பார்வையைக் காட்டும்: பெரும்பாலும் விழிக்கோளம் முன்பின்னாகச் சற்று நீண்டிருப்பதால், தொலைவிலிருந்து வரும் ஒளி விழித்திரையை எட்டுமுன்பே குவிந்துவிடுகிறது, குழிலென்ஸ் அந்தக் குவியத்தைப் பின்னுக்குக் கொண்டுசென்று விழித்திரையில் சேர்க்கிறது. கூட்டல் குறி தூரப்பார்வைக்கானது, அதற்குக் குவிலென்ஸ். (பெயர்தான் பலரைக் குழப்புகிறது: கிட்டத்தில் உள்ளது மட்டும் தெளிவாகத் தெரிவதே கிட்டப்பார்வை.) கிட்டப்பார்வையில் 100 சென்டிமீட்டரை அந்த எண்ணால் வகுத்தால் தெளிவின் எல்லை கிடைக்கும்: -2.00 உள்ளவருக்குக் கண்ணாடியின்றி ஏறத்தாழ 50 சென்டிமீட்டர், -4.00 உள்ளவருக்கு 25 சென்டிமீட்டர்.

'சிலிண்டர்' எண் பார்வைச் சிதறல் குறைபாட்டுக்குரியது. கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாதபோது இக்குறை வருகிறது. இதைத் திருத்தும் உருளை லென்ஸ் எந்தக் கோணத்தில் அமைய வேண்டும் என்பதை 1 முதல் 180 வரையுள்ள 'ஆக்சிஸ்' எண் சொல்லும். சிலிண்டர் எண் பெரிதாக இருக்கும்போது கோணம் சில டிகிரி பிசகினாலும் எழுத்து மங்கும், தலை வலிக்கும்.

புதிய கண்ணாடியைக் கண்ணுக்கு ஒரு சாண் முன்னே பிடித்து, தொலைவிலுள்ள கதவு நிலையை அதன் வழியே பார்த்தபடி பக்கவாட்டில் மெல்ல நகர்த்துங்கள். உருவம் கண்ணாடியோடு சேர்ந்து நகர்ந்தால் கழித்தல் பவர். எதிர்ப்பக்கம் நகர்ந்தால் கூட்டல் பவர். சக்கரம்போல் சுழற்றும்போது நிலையின் நேர்க்கோடு சாய்ந்தால் சிலிண்டர் இருக்கிறது. துல்லியமான எண் வேண்டுமானால், கடையிலுள்ள லென்சோமீட்டரில் உங்கள் முன்னாலேயே அளந்து காட்டச் சொல்லுங்கள்.

நாற்பது வயதையொட்டி 'ஆட்' என்ற எண் சேரும். கண்ணின் லென்ஸ் நெகிழ்வை இழப்பதால் வரும் வெள்ளெழுத்துக்கானது அது. தூரப் பவரோடு கூட்டிக்கொள்ள வேண்டும். -2.00 உள்ளவருக்கு ஆட் +2.00 என்றால் மிஞ்சுவது பூச்சியம். அதனால்தான் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிக்கிறார். இரு கண்ணுக்கும் ஒரே பவரில், சிலிண்டர் இல்லாமல் விற்கப்படும் தயார்க் கண்ணாடி அவசரத்துக்கு உதவலாம். நாள் முழுவதும் படிப்பவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சர்க்கரை அளவு ஏறி இறங்கினால் பவரும் மாறுவதால், நீரிழிவு உள்ளவர்கள் அது நிலைப்பட்ட பிறகே கண்ணாடிக்கு அளவெடுக்க வேண்டும். அறுபதைக் கடந்த ஒருவருக்குத் திடீரெனக் கண்ணாடியின்றிச் செய்தித்தாள் படிக்க முடிந்தால், கண்புரை தொடங்கியிருக்கக்கூடும்; பழைய சீட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.