எபிடூரல் குழாய் முதுகுக்குள் அறுந்துவிட்டால் செய்யக் கூடாதவை

ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண். சேலத்தில் ஒரு மருத்துவமனையில் வலியில்லாப் பிரசவம் ஆனது. குழந்தை பிறந்து சில மணி நேரம் கழித்து, வலி மருந்து செலுத்த முதுகுத்தண்டின் பக்கம் விட்டிருந்த மெல்லிய எபிடூரல் குழாயை எடுக்க உட்கார வைத்தேன். இழுத்தேன், வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். குழாய் நீண்டு மெலிந்தது. சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் போட்டிருந்த கறுப்புக் கோடுகள் விலகிக்கொண்டே போயின. சட்டென்று கை லேசானது. வெளியே வந்த துண்டில் நுனியின் நீல நிறம் இல்லை, நுனி உள்ளேயே நின்றுவிட்டது.

அந்தக் கோடுகள் விலக ஆரம்பித்தபோதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். குழாய் தசைநாரிலோ எலும்புகளுக்கு இடையிலோ பிடிபட்டிருந்தால் பலம் எதற்கும் உதவாது. ஊசி போட்டபோது எப்படி இருந்தாரோ அதே நிலையில் வைத்து, அல்லது ஒருக்களித்து முதுகை நன்றாக வளைக்கச் சொல்லி, தோலை ஒட்டி விரலால் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். ஃபோர்செப்ஸ் (இடுக்கி) போட்டுப் பிடித்தால் அந்த இடத்திலேயே நசுங்கி அறும். அப்போதும் வரவில்லையா, விட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்து வாருங்கள். அவசரம் நமக்குத்தான், குழாய்க்கு இல்லை.

குழாயைப் போடும்போதே நடக்கும் தவறுகளும் உண்டு. ஊசியின் வழியாகத்தான் அதை உள்ளே விடுகிறோம். ஊசி உள்ளே இருக்கும்போது குழாயை மட்டும் பின்னால் இழுத்தால் ஊசியின் முனை கத்திபோல வெட்டிவிடும். இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும். 5 சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே விட்டால் சுருண்டு முடிச்சு விழ வாய்ப்பு அதிகம்.

சரி, அறுந்தே போய்விட்டது. உடனே அங்கேயே கத்தி வைத்துத் தேடாதீர்கள். வெளியே வந்த துண்டைக் குப்பையில் போடாமல் புதுக் குழாய் ஒன்றின் பக்கத்தில் வைத்து, உள்ளே எவ்வளவு நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். சாதாரண எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது, சி.டி. ஸ்கேன் நல்லது. உள்ளே கம்பிச்சுருள் வைத்த குழாய் என்றால், எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் ரேடியாலஜி டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மருந்தின் வேகம் இறங்கியதும் கால் பலத்தைப் பார்த்துக் குறித்து வையுங்கள். நியூரோ சர்ஜனையும் அன்றே கூப்பிடுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, நோயாளியிடம் மறைப்பது. அன்று அந்தப் பெண்ணின் அம்மாவிடம் குரல் நடுங்கத்தான் சொன்னேன். "ஏனுங்க சார், ஆயுசுக்கும் உள்ளேயே இருக்குமுங்களா?" என்று கேட்டார். இருக்கலாம் என்றேன். பெரியவர்களுக்குத் தொந்தரவு ஏதும் இல்லையென்றால் பெரும்பாலும் அப்படியே விட்டுக் கவனிப்பதுதான் வழக்கம். தேடி எடுக்கும் ஆபரேஷன் அந்தத் துண்டைவிட அதிகக் கெடுதல் செய்துவிடலாம். நரம்பை அழுத்தினால், சீழ் பிடித்தால், தண்டுவட நீர் கசிந்தால், தோலுக்கு வெளியே நுனி தெரிந்தால் கதை வேறு. அப்போது எடுப்பதைப் பற்றி சர்ஜன் முடிவு செய்வார்.

இதை வாயால் சொன்னால் மட்டும் போதாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிக் கொடுப்பதும் எனக்கு ஒப்பவில்லை. தமிழில் தனித்தாளில் எழுதினேன்: உள்ளே குழாய்த் துண்டு இருக்கிறது, கால் பலம் குறைந்தால், மரத்துப்போனால், வலி காலுக்கு இறங்கினால், சிறுநீர் வராமல் அடைத்தால், காய்ச்சலோடு முதுகு வலித்தால் அன்றைக்கே வர வேண்டும். ராத்திரி என்றாலும் காலை பஸ்ஸுக்குக் காத்திருக்காமல், 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்துவிட வேண்டும். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் இந்தத் தாளைக் காட்ட வேண்டும். கீழே என் போன் நம்பர்.

அந்த அம்மா தாளை நான்காக மடித்து, ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கவருக்குள் செருகிக்கொண்டார்.