பழைய கோபோல் நிரலை இணையச் சேவையாக மாற்றும் முறை

கொழும்பு கோட்டையிலோ யூனியன் பிளேஸிலோ உள்ள ஒரு நிதி நிறுவனத்தில், நிலையான வைப்புக்கு வட்டி கணிக்கும், கோபோல் என்ற பழைய வணிக நிரல்மொழியில் எழுதிய நிரல் இன்னும் பிழையின்றி ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிளை அலுவலர்களும் வாடிக்கையாளர்களும் அதே கணிப்பை உலாவியில் பார்க்க வேண்டும் என்று முகாமைத்துவம் கேட்கும்போது, முழுவதையும் புதிய மொழியில் திருப்பி எழுதலாம் என்ற யோசனைதான் முதலில் எழும். என் பரிந்துரை அதற்கு மாறானது. கணிப்பைக் கோபோலிலேயே விட்டுவிட்டு, அதன் முன்னால் ஒரு மெல்லிய இணைய அடுக்கை மட்டும் அமைப்பதே செலவும் ஆபத்தும் குறைந்த வழி. 1959இல் உருவாக்கம் தொடங்கிய மொழியாயினும், கோபோலுக்கான சர்வதேசத் தரம் 2023இல் கூடப் புதுப்பிக்கப்பட்டுள்ளது.

இதற்குப் பெருங்கணினி தேவையில்லை. முன்னர் ஓப்பன்கோபோல் என்று அழைக்கப்பட்ட குனூகோபோல் என்ற இலவசத் தொகுப்பான், கோபோல் நிரலை முதலில் சி மொழிக்கு மாற்றி, பின்னர் இயந்திர மொழிக்குத் தொகுக்கிறது. லினக்ஸ் வழங்கல்களின் பொதிக் களஞ்சியங்களில் அது கிடைக்கும். நிறுவியவுடன் அதன் தகவல் கட்டளையை இயக்கி, ஜேசன் என்ற, இணையத்தில் தரவைப் பரிமாறும் எழுத்து வடிவத்துக்கான நூலகம் சேர்க்கப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அது இல்லாவிட்டால், பின்னர் சொல்லப்படும் ஜேசன் ஜெனரேட் கூற்று வேலை செய்யாது. பழைய நிரல் ஐபிஎம் பெருங்கணினியிலிருந்து வந்ததாயின், ஐபிஎம் மரபைப் பின்பற்றும்படி தொகுப்பானுக்குச் சொல்ல வேண்டும். தரவுக் கோப்புகளை, ஐபிஎம் பெருங்கணினிகளின் எழுத்துக் குறிமுறையான எப்சிடிக்கிலிருந்து மாற்றும்போது, பொதிந்த தசம வடிவில் (ஒரு பைட்டில் இரண்டு இலக்கங்களாக) உள்ள புலங்களை எழுத்தாகக் கருதி மாற்றினால் தொகைகள் சிதைந்துவிடும். ஆகவே கோப்பு முழுவதையும் ஒரே கட்டளையில் மாற்றாமல், புலம் புலமாக மாற்றுவதே பாதுகாப்பானது.

இணையத்துடன் இணைப்பதற்கு மிக எளிய வழி, சேவையகம் வெளி நிரலை இயக்குவதற்கான சி.ஜி.ஐ. என்ற மரபு ஆகும். கோரிக்கை வரும் ஒவ்வொரு முறையும் இணையச் சேவையகம் நிரலைப் புதிதாகத் தொடங்கி, வினவற் சரத்தை (முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் பகுதியை) சூழல் மாறியில் வைத்துக் கொடுக்கும். நிரல் அதை அக்செப்ட் கூற்றால் வாசித்து, அன்ஸ்ட்ரிங் கூற்றால் துண்டுகளாகப் பிரித்து, விடையை டிஸ்ப்ளே கூற்றால் வெளியிடும். தொடக்கத்தில் பலரும் சிக்கும் இடம் ஒன்று இங்கே உண்டு. தலைப்பு வரிக்கும் உள்ளடக்கத்துக்கும் இடையில் முற்றிலும் வெறுமையான ஒரு வரி வர வேண்டும். வெற்றிடத்தை டிஸ்ப்ளே செய்தால் அந்த வரியில் ஓர் இடைவெளி எழுத்து அச்சாகும். சேவையகம் அதைத் தவறான தலைப்பாகக் கருதி 500 (சேவையக உட்பிழை) என்ற பிழையைத் தரக்கூடும். தலைப்பு வரியின் முடிவிலேயே புதிய வரிக்குரிய பதினறும எழுத்தைச் சேர்த்து, ஒரே டிஸ்ப்ளேயில் வெளியிட்டால் இந்தச் சிக்கல் எழாது.

உள்ளீட்டில் கோபோலின் அமைதியை நம்பக் கூடாது. புலத்தின் நீளத்தைவிட அதிகமாக வரும் தரவை அது ஓசையின்றி வெட்டிவிடும். எண் புலத்தில் எழுத்து வந்தாலும் பெரும்பாலும் முறையிடாது. எனவே எந்தத் தொகையையும் முதலில் எழுத்துப் புலத்தில் வாங்கி, டெஸ்ட்-நம்வல் சார்பு, எண் செல்லும் என்பதற்கு அடையாளமான பூச்சியத்தைத் தந்தால் மட்டும் நம்வல் சார்பால் எண்ணாக மாற்ற வேண்டும். கணிப்புக் கூற்றுகளில், விடை புலத்தில் அடங்காதபோது இயங்கும் சைஸ் எரர் பகுதியையும் தவறாமல் எழுத வேண்டும்.

கணிப்பில்தான் இந்த மொழியின் பலம் வெளிப்படுகிறது; கவனம் சிதறினால் சதங்கள் காணாமற்போவதும் அங்கேதான். ஐந்து இலட்சம் ரூபாவுக்கு ஆண்டுக்கு 8.5 சதவீத வட்டி, காலம் 100 நாட்கள் என்க. அசல், வீதம், நாட்கள் மூன்றையும் பெருக்கி 36,500ஆல் வகுக்கும் வேலையை ஒரே கம்ப்யூட் கூற்றில் ரவுண்டட் சொல்லுடன் எழுதினால் 11,643.84 ரூபா கிடைக்கும். ரவுண்டட் என்ற சொல்லை விட்டுவிட்டால் 11,643.83 என்று வரும். ஒரு நாளுக்கான வட்டியை முதலில் கணித்து, இரண்டு தசம இடங்கள் மட்டுமே கொண்ட புலத்தில் வைத்தால் அது 116.43 ஆக வெட்டப்படும். பின்னர் நூறால் பெருக்கும்போது 11,643.00 ரூபாதான் மிஞ்சும். பழைய நிரல் இவற்றில் எந்த முறையைப் பின்பற்றுகிறதோ அதையே இணையமும் காட்ட வேண்டும். வாடிக்கையாளரின் கையில் உள்ள வைப்புச் சான்றிதழுக்கும் திரைக்கும் இடையில் 84 சதம் வேறுபட்டால், விளக்கம் சொல்ல வேண்டியவர் கிளையின் காசாளர்.

விடையைக் கையால் ஜேசனாகக் கட்டுவதை விட, ஜேசன் ஜெனரேட் கூற்றைப் பயன்படுத்துவது நல்லது. கையால் கட்டும்போது எண் புலத்தின் முன்னணிப் பூச்சியங்களும் சேர்ந்து வெளியாகும். அத்தகைய எண் ஜேசன் விதிப்படி செல்லாது.

மூன்று மொழிகளில் பெயர் எழுதப்படும் கொழும்பில் இன்னொரு பிரச்சினை உண்டு. கோபோலின் வழமையான எழுத்துப் புலம் எழுத்துகளை எண்ணுவதில்லை, பைட்களையே எண்ணுகிறது. யூ.டி.எஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கும், சிங்களத்துக்கும் அப்படியே. ‘கொழும்பு’ என்பது கண்ணுக்கு நான்கு எழுத்து. உள்ளே, உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால், எட்டுக் குறிகள், 24 பைட்கள். நகரின் பெயருக்கு 20 பைட் ஒதுக்கிய பழைய புலத்தில் அதை வைத்தால் ‘கொழும்’ என்பதுடன் பகரத்தின் முதல் இரண்டு பைட்கள் மட்டும் ஒட்டி நிற்கும். அந்தக் குறை எழுத்தால் ஜேசன் முழுவதும் செல்லாததாகிவிடலாம். வினவற் சரத்தில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியுடன் மூன்று எழுத்தாக விரிவதால் அதே சொல் 72 எழுத்தாக நீளும். பெயர், முகவரி ஆகியவற்றைக் கோபோலுக்குள் அனுப்பாமல் முன் அடுக்கிலேயே வைத்துக்கொண்டு, கணக்கு இலக்கத்தையும் தொகைகளையும் மட்டும் உள்ளே அனுப்புவது எனக்குச் சரியாகப் படுகிறது. திரைப் பக்கங்களைக் கோபோலில் எழுதுவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. முடியும், ஆனால் வீண் வேலை.

கோரிக்கைகள் பெருகினால், ஒவ்வொரு முறையும் நிரலைத் தொடங்குவது சுமையாகும். அப்போது நிரலை இயங்கு நூலகமாகத் தொகுத்து, பைத்தான் மொழியிலிருந்து, சி நூலகங்களை அழைக்க உதவும் சி.டைப்ஸ் மூலம் அழைக்கலாம். முதல் அழைப்புக்கு முன் குனூகோபோலின் தொடக்கச் சார்பை ஒரு முறை இயக்க வேண்டும். கோபோல் நிரலின் பெயரில் உள்ள சிறுகோடு, நூலகத்தில் இரண்டு அடிக்கோடாக மாறியிருப்பதையும் கவனிக்க வேண்டும். நிரலின் முடிவில் உள்ள ஸ்டாப் ரன்னை எல்லா இடத்திலும், அழைத்த நிரலுக்குத் திரும்பும் கோபேக் ஆக மாற்றாவிட்டால், ஒரு வாடிக்கையாளரின் கணிப்பு முடிந்ததும் சேவையகச் செயன்முறை முழுவதும் நின்றுவிடும். அதைவிட ஆபத்தானது வொர்க்கிங்-ஸ்டோரேஜ் பகுதி. அங்குள்ள மதிப்புகள் ஓர் அழைப்பிலிருந்து அடுத்த அழைப்புக்குத் தங்கியிருப்பதால், முன்னவரின் தொகை பின்னவரின் விடையில் கலக்க இடமுண்டு. மாறும் புலங்களை, ஒவ்வோர் அழைப்பிலும் புதிதாக உருவாகும் லோக்கல்-ஸ்டோரேஜுக்கு நகர்த்த வேண்டும். நகர்த்த முடியாதவற்றை ஒவ்வோர் அழைப்பின் தொடக்கத்திலும் இனிஷியலைஸ் செய்ய வேண்டும். ஒரே செயன்முறைக்குள் பல இழைகளிலிருந்து ஒரே நேரத்தில் அழைப்பதையும் தவிர்த்து, பல செயன்முறைகளை இயக்குவதே உகந்தது.

வெளியாருக்குத் திறப்பதற்கு முன், கடந்த மாதத்து வைப்புகள் அனைத்தையும் புதிய சேவையின் ஊடாக ஓட்டி, பதிவுகளை மொத்தமாக ஓட்டும் பழைய தொகுதி முறை தந்த விடைகளுடன் சதம் வரை ஒப்பிட வேண்டும். சோதனைக் கட்டத்தில் தொகுப்பானின் பிழைத்திருத்தத் தெரிவை இயக்கி வைத்தால், எல்லை மீறும் அட்டவணைச் சுட்டிகளும் எண்ணல்லாத தரவும் அப்போதே பிடிபடும். நெட்டாண்டின் பெப்ரவரி 29, மாத இறுதி, முதிர்வுக்கு முன் மீளப்பெறும் வைப்பு ஆகியவற்றைத் தனியாகச் சோதித்து, வேறுபடும் ஒவ்வொரு பதிவையும் கணக்காளரிடம் காட்டி ஒப்புதல் பெற்ற பின்னரே சேவையைக் கிளைகளுக்குத் திறக்க வேண்டும்.