‘இந்த பிராண்டு தொழிலுக்கு ஆகுமா?’: கேமரா வாங்கும்போது செய்யும் தவறுகள்

புதிதாகக் கல்யாண ஃபோட்டோ தொழிலுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, ‘இந்த பிராண்டு தொழிலுக்கு ஆகுமா?’ என்றுதான். சார்ஜ் போடாமல் கிளம்புவது, லென்ஸ் மூடியை மறப்பது எல்லாம் தானாகத் திருந்திவிடும். காசையும் வேலையையும் சேர்த்துக் கெடுப்பவை வேறு.

பிராண்டு பெயரை நம்பி பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) வாங்குவது

தொழிலுக்கு ஆகுமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். மெமரி கார்டுக்கான ஸ்லாட்டையே பாருங்கள்; இரண்டு இருந்தால்தான் எடுக்கும்போதே படத்துக்கு நகல் வைக்க முடியும். நிக்கான் இசட் 6 (2018) ஒரே கார்டு ஸ்லாட்டோடு வந்தது. இரண்டாவது ஸ்லாட் இசட் 6 II-ல் (2020) தான் வந்தது. கேனானிலும் ஈஓஎஸ் ஆர் (2018) ஒற்றை ஸ்லாட், ஆர்6 (2020) இரட்டை.

இரண்டு ஸ்லாட் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பது

எத்தனை முறை சொன்னாலும் தொடர்வதால் எரிச்சல் தருவது இதுதான். பல கேமராக்களில் இரண்டாம் ஸ்லாட் ‘ஓவர்ஃப்ளோ’வில்தான் இருக்கும். அதாவது, முதல் கார்டு நிறைந்த பிறகே இரண்டாவதில் படம் ஏறும். முதல் கார்டு பழுதானால் தாலி கட்டும் படம் போனது போனதுதான். மறுபடி கட்டச் சொல்ல முடியாது.

மெனுவில் ‘பேக்கப்’ (ஒரே படம் இரண்டு கார்டிலும் ஏறும்) என்று மாற்றுங்கள். பத்துப் படம் எடுத்து, முதல் கார்டை உருவிவிட்டு இரண்டாவதில் படங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஒரு கார்டு நிறைந்தாலே பேக்கப் நின்றுவிடும், ஆகவே இரண்டும் ஒரே கொள்ளளவில் இருக்கட்டும். ஃபார்மேட்டும் (கார்டைத் துடைப்பது) ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

அடுத்த சிக்கல் வேகம். இசட் 6 II-ல் ஒரு ஸ்லாட் சிஎஃப் எக்ஸ்பிரஸ் (வேகமான கார்டு வகை), மற்றது எஸ்டி (அதைவிட மெதுவான வகை). பேக்கப்பில் இரண்டும் மெதுவான கார்டின் வேகத்துக்கு இறங்கிவிடும். எஸ்டியிலேயே யுஎச்எஸ்-1 என்ற வேக வகையின் உச்ச வரம்பே நொடிக்கு 104 எம்பி; யுஎச்எஸ்-2 ஆனால் 312. மலிவு எஸ்டி போட்டுத் தொடர் ஷாட் அடித்தால் பஃபர் (கார்டில் ஏறும்வரை படங்கள் காத்திருக்கும் கேமராவின் நினைவகம்) நிறைந்து கேமரா திணறும். உடனே பேக்கப்பையே அணைத்துவிடுகிறார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். அணைக்காமல் ரா ஃபைலை (பதப்படுத்தாத மூலப் படம்) வேகமான கார்டிலும் ஜேபெக்கை (வழக்கமான பட ஃபைல்) எஸ்டியிலும் போடுங்கள். ரா போனாலும் ஆல்பத்துக்கு ஜேபெக் மிஞ்சும்.

வீடியோவுக்கு இந்தப் பாதுகாப்பு எல்லா மாடலிலும் கிடையாது. வாங்குமுன் மேனுவலைப் பாருங்கள்.

எல்.இ.டி வெளிச்சத்தில் சைலன்ட் ஷட்டர்

சத்தமில்லாத இந்த எலக்ட்ரானிக் ஷட்டரில் படத்தில் பட்டை பட்டையாக விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள்.

பிராண்டு மாறியபின் பழைய ஃப்ளாஷ் ட்ரிக்கர்

ட்ரிக்கர் என்பது தள்ளி வைத்த ஃப்ளாஷை கேமராவிலிருந்து இயக்கும் கருவி. வேறு பிராண்டு பாடியில் அதை மாட்டினால், வெளிச்ச அளவை நாமே வைத்து ஃப்ளாஷ் அடிக்கலாம்; கேமராவே அளவிடும் டிடிஎல் வராது.

அடாப்டர் போட்டால் எல்லா லென்ஸும் ஓடும் என்பது

கேனானின் பழைய இஎஃப் லென்ஸ்கள், அடாப்டர் போட்டால், புதிய ஆர்எஃப் வகை பாடியில் ஆட்டோஃபோகஸோடு நன்றாகவே வேலை செய்யும். நிக்கானின் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களுக்கு ஃபோகஸ் மோட்டார் பாடியில் இருக்க வேண்டும்; இசட் பாடியிலும், அதில் அவற்றை மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரிலும் அது இல்லை, கையால்தான் ஃபோகஸ் திருப்ப வேண்டும். மணமேடையில் நடந்து வருகிறவரை 85 மி.மீ. எஃப்/1.8-ல் அப்படிப் பிடிப்பது பெரும்பாடு. உங்களிடம் உள்ள ஒவ்வொரு லென்ஸையும் புதிய பாடியில் மாட்டி, ஆட்டோஃபோகஸ் ஓடுகிறதா என்று பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.