ஒரு மில்லிமீட்டர் ஈக்குப் புதுப்பெயர் சூட்டும் முன்

கோஸ்டா ரிக்காவின் சுர்கி என்னுமிடத்தில், நான்கு ஹெக்டேர் பரப்பே உள்ள ஒரு முகில்காட்டில் ஓராண்டுக் காலம் பொறி வைத்துச் சேகரித்த ஆய்வாளர்கள், ஈ, கொசு முதலிய இருசிறகிகளில் 4,332 சிற்றினங்களைக் கண்டதாக 2018-இல் வெளியிட்டார்கள். அவற்றில் பெரும்பகுதிக்கு இன்னும் பெயர் இல்லை. ஆகவே வெப்பமண்டலக் காடுகளில் பெயரிடப்படாத சிற்றீ ஒன்றைப் பிடிப்பது அரிய செயல் அன்று. கையிலுள்ள ஈக்கு முன்பே எவரும் பெயர் வைத்துவிடவில்லை என்று பிறர் ஏற்கும்படி நிறுவுவதே கடினம். அந்த ஒன்றை மனத்தில் வைத்தே வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் திட்டமிட வேண்டும்.

முதலில் பேரினத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஃபோரிட் குடும்பத்தின் கூன்முதுகு ஈக்களை எடுத்துக்கொண்டால், மெகாசீலியா என்னும் ஒரே பேரினத்தில் மட்டும் 1,600-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. புதிதாகத் தொடங்குபவர் அதில் இறங்காதிருப்பது நல்லது. அண்மையில் யாரேனும் முழுமையாகத் திருத்தி எழுதிய சிறு பேரினம் ஒன்றை எடுத்து, ஒரு நிலப்பகுதியில் கிடைக்கும் அதன் சிற்றினங்கள் அனைத்தையும் ஒன்றாக ஆராய்ந்தால், தனித்த ஓர் ஈயைப் பற்றி எழுதுவதைவிடப் பயனுள்ள கட்டுரை கிடைக்கும்.

சேகரிப்புக்கு மலேஸ் பொறியே பெரிதும் பயன்படுகிறது. சுவீடன் நாட்டுப் பூச்சியியலாளர் ரெனே மலேஸ் பர்மாவில் சோதித்துப் பார்த்து 1937-இல் வெளியிட்ட இந்தக் கூடார வடிவப் பொறி, வலைச்சுவரில் மோதி மேல்நோக்கி ஏறும் பூச்சிகளை உச்சியிலுள்ள எத்தனால் குப்பியில் சேர்க்கிறது. டி.என்.ஏ. எடுக்கும் எண்ணம் இருந்தால் 95 விழுக்காட்டு எத்தனால் வேண்டும். ஆனால் அதில் உடல் விறைத்துக் கால்கள் எளிதில் ஒடியும் என்பதால், உருவ ஆய்வுக்கு மட்டும் என்றால் 70 முதல் 80 விழுக்காடு போதும். இந்தியாவில் சேகரிப்பவர் வனத்துறை அனுமதியைப் பெறுவதோடு, 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி புதிய சிற்றினத்தின் சான்றுமாதிரியை அரசு குறித்துள்ள காப்பகம் ஒன்றில் ஒப்படைத்து அறிவிக்கவும் கடமைப்பட்டவர்.

குப்பிக்குள் இடும் சீட்டில் நாடு, மாவட்டம், இடம், ஆயத்தொலைவு, உயரம், நாள், சேகரித்த முறை, சேகரித்தவர் ஆகியவற்றை எத்தனாலில் கரையாத மையால் எழுத வேண்டும். காரைக்காலை அடுத்த குரும்பகரத்தைச் சேர்ந்த பி. சூசை நாதன் சேகரித்து அனுப்பிய பூச்சிகள் உலகின் பல அருங்காட்சியகங்களில் இன்றும் ஆய்வுக்குப் பயன்படுகின்றன. ஊரும் காலமும் சீட்டில் இல்லாதிருந்தால் அவற்றுக்கு அந்த மதிப்பு வாய்த்திராது. அவர் பெயரால் ‘நாதனி’ என்று அழைக்கப்படும் பூச்சிகள் பல உள்ளன.

ஒரு மில்லிமீட்டர் ஈயை ஊசியில் குத்திக் காய வைத்தால் அது சுருங்கி உருக்குலைந்துவிடும். எனவே கண்ணாடி வில்லையில் பதிப்பதே வழக்கம். முதலில் இறக்கைகளைக் கழற்றித் தனியே வைத்துக்கொண்டு, எஞ்சிய உடலைப் பத்து விழுக்காட்டுப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் தசை கரையும்வரை ஊறவிட்டு, அசெட்டிக் அமிலத்தால் காரத்தை நீக்கி, நீரற்ற எத்தனாலுக்கும் பின்னர்க் கிராம்பு எண்ணெய்க்கும் மாற்றி, இறுதியில் கனடா பால்சத்தில் தலை, மார்பு, இறக்கை, வயிறு ஆகியவற்றைத் தனித்தனி மூடுவில்லைகளின் கீழ்ப் பதிக்கலாம். ஆண் ஈயின் பிறப்புறுப்பை மட்டும் உடனே பதித்துவிடக் கூடாது. மூடுவில்லையின் அழுத்தத்தில் அதன் வடிவம் மாறிவிடும் என்பதால், கிளிசரினில் மிதக்கவிட்டுப் பக்கவாட்டிலும் முதுகுப்புறத்திலும் வரைந்தும் படம்பிடித்தும் வைத்துக்கொண்ட பிறகே பதிக்க வேண்டும். டி.என்.ஏ. தேவைப்படுவோர் முழு ஈயையும் புரதத்தைச் செரிக்கும் நொதியான புரோட்டினேஸின் கரைசலில் இட்டு எடுத்தால், தசையும் அதிலேயே செரித்துப்போகும், புறக்கூடும் சிதையாமல் மிஞ்சும்.

எந்த உறுப்பு சிற்றினத்தைப் பிரித்துக் காட்டும் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். ஃபோரிட் ஈக்களில் நெற்றி முள்மயிர்களின் அமைப்பு, மார்பின் பக்கத்தகட்டில் மயிர் உண்டா இல்லையா என்பது, பின்காலின் கீழ்ப்பகுதியான டிபியாவின் மயிர்வரிசை, இறக்கையின் முன்விளிம்பு நரம்பான கோஸ்டாவின் நீளத்துக்கும் இறக்கை நீளத்துக்கும் உள்ள விகிதம், அந்நரம்பின் பகுதிகள் ஒன்றுக்கொன்று கொள்ளும் விகிதம் ஆகியவற்றைத் தவறாமல் பதிவு செய்வார்கள். நிறத்தை நம்ப வேண்டாம். எத்தனாலில் நெடுநாள் கிடந்த ஈ வெளுத்துவிடும். உடலளவும் புழுப்பருவத்தில் கிடைத்த உணவைப் பொறுத்து மாறும். ஆகையால் இயன்றவரை பல ஈக்களை அளந்து, ஒரே எண்ணாக அல்லாமல் குறைந்த அளவையும் கூடிய அளவையும் தர வேண்டும்.

இனி ஒப்பீடு. வேலையில் பெரும்பகுதி நேரத்தை விழுங்குவது இதுதான், விழுங்கவும் வேண்டும். சிஸ்டமா டிப்டெரோரம் என்னும் இணையப் பெயர்ப்பட்டியலில் அந்தப் பேரினத்தின் பெயர்கள் அனைத்தையும் எடுத்து, ஒவ்வொன்றின் முதல் விளக்கத்தையும் தேடிப் படிக்க வேண்டும். நூறாண்டுக்கு முந்திய விளக்கங்கள் பெரும்பாலும் நிறத்தைச் சொல்லி நின்றுவிடும். பிறப்புறுப்பைப் பற்றி ஒரு சொல்லும் இராது. அத்தகைய இடங்களில் மூலமாதிரியை, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமாகக் குறிக்கப்பட்ட ஈயை, பார்த்தே ஆக வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய ஈக்களை விவரித்த என்ரிக்கோ புரூனெட்டியின் மாதிரிகள் கொல்கத்தாவிலும் லண்டனிலும் உள்ளன. காப்பாளருக்கு எழுதினால் சில வேளை படங்கள் கிடைக்கும், சில வேளை நேரில் செல்ல நேரிடும். அண்டை நாட்டின் விலங்கினப் பட்டியலைப் பார்க்காமல் விடுவது பலரும் செய்யும் பிழை. ஈக்கு நாட்டெல்லை கிடையாது.

சி.ஓ.ஐ. என்னும் மரபணுவில் 658 கார இணைகள் நீளமுள்ள ஒரு துண்டு, சிற்றினத்தை அடையாளம் காட்டும் பட்டைக்குறியீடாகப் பயன்படுகிறது. அது, உருவத்தில் பெரிதும் வேறுபடும் ஆணையும் பெண்ணையும் இணைத்துக் காட்டுவதற்கு அருமையான துணை. அதை மட்டுமே வைத்துச் சிற்றினம் படைப்பது வேறு விஷயம். 2021-இல் கோஸ்டா ரிக்காவின் பிரக்கோனிட் குளவிகளில் 403 புதிய சிற்றினங்கள் பெரும்பாலும் பட்டைக்குறியீட்டைக் கொண்டே விவரிக்கப்பட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. பெயரில்லாத சிற்றினங்கள் இவ்வளவு இருக்கையில் வேகம் தேவை என்னும் வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் உருவச் சான்றும் மரபணுச் சான்றும் ஒரே முடிவைச் சொல்லும்போதுதான் பெயர் நிலைக்கும் என்பது என் கருத்து.

கட்டுரையில் முதலில் எழுத வேண்டியது வேறுபாட்டுக் குறிப்பு. நெருங்கிய சிற்றினங்கள் எவை, அவற்றிலிருந்து இது எந்தெந்தக் கூறுகளில் மாறுபடுகிறது என்பதை நான்கைந்து வாக்கியங்களில் சொல்லிவிட வேண்டும். நீண்ட உறுப்பு விளக்கத்தைச் சிலரே படிப்பார்கள், இதை எல்லோரும் படிப்பார்கள். 1999-க்குப் பின் வெளியாகும் எந்தச் சிற்றினப் பெயருக்கும் மூலமாதிரி எது என்பதையும் அது எந்தக் காப்பகத்தில் உள்ளது என்பதையும் வெளிப்படையாகக் கூறியாக வேண்டும் என்பது விலங்கியல் பெயரிடல் விதி. ஒரே ஈயைக் கொண்டும் விவரிக்கலாம். தாய்லாந்தின் கேங் கிராசான் தேசியப் பூங்காவில் கிடைத்த 0.4 மில்லிமீட்டர் நீளமுள்ள யூரிபிளாட்டியா நானக்நிஹாலி என்னும் ஃபோரிட் ஈயை, பூச்சியியலாளர் பிரையன் பிரவுன் 2012-இல் ஒற்றைப் பெண் ஈயைக் கொண்டே விவரித்தார். அது எறும்புகளில் ஒட்டுண்ணியாக வாழக்கூடும் என்பது அதன் ஆப்பிரிக்க உறவினத்தின் வாழ்க்கையிலிருந்து பெற்ற ஊகம். கண்டதையும் ஊகித்ததையும் இவ்வாறு பிரித்துச் சொல்ல வேண்டும்.

பெயர் லத்தீன் எழுத்துகளில் இருக்க வேண்டும். அடைமொழியாயின் பேரினப் பெயரின் பாலோடு பொருந்த வேண்டும். அதே பேரினத்தில் முன்பு வழங்கியிருக்கக் கூடாது. ஆணின் பெயரால் சூட்டினால் ‘இ’ என்றும் பெண்ணின் பெயரால் சூட்டினால் ‘ஏ’ என்றும் முடியும். தம் பெயரையே வைத்துக்கொள்ள விதி தடை சொல்வதில்லை, ஆனால் துறையினர் நகைப்பார்கள். பிரவுன் 2018-இல் பிரேசிலின் அமேசான் பகுதியிலிருந்து விவரித்த 0.395 மில்லிமீட்டர் ஈயின் முன்கால்கள் பருத்திருந்ததால், நடிகர் அர்னால்டை நினைத்து ‘அர்னால்டி’ என்று பெயரிட்டார்.

மின்னிதழில் மட்டும் வெளியாகும் கட்டுரையாயின், வெளியீட்டுக்கு முன்பே சூபேங்க் பதிவேட்டில் கட்டுரையைப் பதிந்து, அதற்கான சான்றைக் கட்டுரைக்குள்ளேயே தர வேண்டும். தவறினால் பெயர் செல்லாது. மூலமாதிரி வில்லையில் சிவப்புச் சீட்டை ஒட்டிக் காப்பகத்துக்கு அனுப்பிப் பதிவெண்ணைப் பெற்ற பிறகே இறுதிப்படியை இதழுக்கு அளிப்பது முறை. மூலமாதிரியோடு சேர்த்து விவரித்த பிற ஈக்களான துணைமாதிரிகள் பல இருப்பின், அவற்றை ஒரே கட்டடத்தில் வைக்காமல் இரண்டு மூன்று அருங்காட்சியகங்களுக்குப் பகிர்ந்தளிக்கலாம்.