கடையை மூடிய பிறகும் தலை ஓடிக்கொண்டே இருக்கிறதா? சிறுதொழில் செய்பவர்களுக்கு ஒரு செய்முறை

சொந்தத் தொழில் செய்பவரைப் பார்த்து "கொஞ்சம் ஓய்வெடுங்களேன்" என்று சொல்வது சுலபம். விடுமுறை நாளிலும் கை தானாக போனைத் தேடும். சாப்பிடும்போது சரக்கு வந்து சேர்ந்ததா என்ற யோசனை, படுத்தால் சம்பளத் தேதி. அதனால் இந்தப் பதிவில் ஓய்வு கடைசியில்தான் வரும். அன்றன்றைய வேலையை அன்றன்றே ஒழுங்காக மூடுவதுதான் முதல் பாடம். தியானம், நடைப்பயிற்சி என்று நேராகத் தொடங்கினால், நடக்கும்போதும் உள்ளே கணக்குதான் ஓடும்.

தேவையான பொருட்கள்: ஒரு நோட்டு, ஒரு பேனா, உங்களிடம் ஏற்கனவே இருக்கும் போன்.

படி 1: தலையில் இருப்பதைத் தாளில் இறக்குங்கள்

வேலை முடியும் நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்னால் உட்காருங்கள். முடியாமல் நிற்கும் எல்லாவற்றையும் எழுதுங்கள். எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "வங்கி விஷயம்" என்று எழுதினால் அது தாளிலும் இருக்கும், தலையிலும் இருக்கும். "புதன் 11 மணிக்கு வங்கிக்குப் போன் செய்து, தவணைத் தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்க வேண்டும்" என்று எழுதினால் தலை அதை விட்டுவிடும். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்து நடத்தி 2018-ல் வெளியான ஓர் ஆய்வு இதையே பார்த்தது. படுக்கும் முன் 5 நிமிடம் அடுத்து செய்ய வேண்டியதை எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது.

பணத்துக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். இடது பக்கம் வர வேண்டிய பாக்கி, வலது பக்கம் கொடுக்க வேண்டியது, ஒவ்வொன்றுக்கும் நேராகத் தேதி. பல பேருக்கு "டென்ஷன்" என்பது உண்மையில் கூட்டிப் பார்க்காத ஒரு தொகைதான். கூட்டிப் பார்த்தால் தொகை குறையாது. ஆனால் யாரிடம், எந்தத் தேதிக்குள் பேச வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இதற்கு ஆப் எதுவும் வேண்டாம் என்பது என் பிடிவாதம். பட்டியலைப் பார்க்க போனைத் திறந்தால் நாலு மெசேஜ் கண்ணில் படும், அப்புறம் பட்டியல் எங்கே, நாம் எங்கே.

படி 2: எந்த நேரத்தில் தெம்பு இருக்கிறது என்று பாருங்கள்

ஒரு வாரம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோட்டின் ஓரத்தில் 1 முதல் 5 வரை ஒரு எண் போடுங்கள். 4, 5 வரும் நேரத்துக்கு விலை நிர்ணயம், கணக்கு, கடினமான போன் பேச்சு. 2 வரும் நேரத்துக்கு பேக்கிங், பில் அடுக்குவது. அவ்வளவுதான்.

படி 3: வாட்ஸ்அப்பை மூடுங்கள்

சற்று நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. தொழில் செய்பவர்களுக்கான வாட்ஸ்அப் ஆப்பான வாட்ஸ்அப் பிசினஸ் வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அதில் "அவே மெசேஜ்" என்று ஒரு வசதி உண்டு. கடை நேரம் முடிந்ததும் வருகிற செய்திகளுக்கு அதுவே பதில் போடும்.

1. முதலில் தொழில் விவரப் பக்கத்தில் வேலை நேரத்தை நிரப்புங்கள். வேலை நேரத்துக்கு வெளியே மட்டும் பதில் போக வேண்டும் என்றால், அந்த நேரம் எது என்று ஆப்புக்குத் தெரிய வேண்டும்.
2. பிசினஸ் டூல்ஸ் பகுதிக்குள் அவே மெசேஜ் இருக்கும். அதை ஆன் செய்யுங்கள்.
3. அட்டவணையில் "எப்போதும்" என்பதை விட்டு, வேலை நேரத்துக்கு வெளியே என்பதைத் தேர்ந்தெடுங்கள். "எப்போதும்" என்று இருந்தால், கடை திறந்திருக்கும்போது செய்தி அனுப்பும் வாடிக்கையாளருக்கும் "கடை மூடியிருக்கிறது" என்று செய்தி போகும்.
4. யாருக்குப் போக வேண்டும் என்பதில் வீட்டாரை விலக்கிவிடுங்கள்.

இதெல்லாம் செய்தும் எனக்கு ராத்திரியில் பதில் போகவே இல்லை. காலையில் டேட்டாவை ஆன் செய்ததும் "இருக்கீங்களா?", "ஹலோ?" என்று வரிசையாக வந்து விழும். காரணம் சாதாரணமானதுதான்: போன் இணையத்தில் இருந்தால்தான் இந்தப் பதில் போகும். நிம்மதிக்காக டேட்டாவை அணைத்தால் அதுவும் நின்றுவிடும். எனவே டேட்டா ஆனிலேயே இருக்கட்டும். அந்த ஆப்பின் நோட்டிஃபிகேஷனை மட்டும் அணைத்து, போனை வேறு அறையில் வையுங்கள். வசதி இருந்தால் தொழிலுக்கென்று தனி போன் வைப்பது எல்லாவற்றையும்விட நல்லது. காலையில் எழுப்ப ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் போதும்.

செய்தியின் வாசகம் இப்படி இருக்கட்டும்: "வணக்கம். இன்றைய வேலை நேரம் முடிந்தது. உங்கள் செய்தி கிடைத்தது. நாளை காலை 10 மணிக்குள் பதில் தருகிறேன்." இதில் வேலை செய்வது அந்த 10 மணிதான். "விரைவில்" என்று போட்டால் மறுபடி கேட்பார்கள். "அவசரம் என்றால் அழைக்கவும்" என்று சேர்க்கவே சேர்க்காதீர்கள். சேர்த்தால் எல்லாமே அவசரம்தான்.

படி 4: சின்ன முடிவுகளைக் கைமாற்றுங்கள்

"அண்ணே, இதை மாத்தித் தரலாமா?" என்று நாள் முழுக்க வரும் கேள்விகள்தான் ஆளைத் தின்பவை. ஒரு தொகையை வரம்பாக வையுங்கள். அதற்குள் பொருளை மாற்றுவது, பணத்தைத் திருப்பித் தருவது எல்லாம் பணியாளரே முடிவு செய்யட்டும். என்ன செய்தார் என்பதை அவர் நோட்டில் எழுதி வைத்தால் போதும். அவர் எடுத்த முடிவு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் வாடிக்கையாளர் முன்னால் மாற்றாதீர்கள். ஒரு தடவை மாற்றினால், அடுத்த நாளிலிருந்து எல்லாம் மறுபடி உங்களிடமே வந்து நிற்கும்.

படி 5: இப்போது உடம்பு

பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். காபியில் உள்ள காஃபீனில் பாதி குறையவே பொதுவாக 5 மணி நேரம்போல ஆகும். மாலை 6 மணிக் காபி ராத்திரி 11 மணிக்கும் உள்ளே பாதி உட்கார்ந்திருக்கும். மதியத்தோடு நிறுத்திப் பாருங்கள். மதியம் கண் சொக்கினால் 20 நிமிடம் தூங்கலாம். ரொம்ப நேரம் போனால் ஆழ்ந்த தூக்கத்தில் எழுந்து, முன்பைவிட மந்தமாகிவிடும். நடை விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு, ஓரளவு வேகமாக வாரத்துக்கு 150 நிமிடம். போனை எடுத்துக்கொண்டு போகாதீர்கள் என்பது மட்டும் என் சேர்க்கை.

இதெல்லாம் தினசரி சுமைக்குத்தான். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, பிடித்த வேலையிலும் வெறுப்பு தட்டினால் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலியோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணமோ வந்தால் அன்றைக்கே உதவி தேடுங்கள்.

பின்சேர்க்கை

"தனி ஆளாகச் செய்கிறேன், படி 4-ஐ யாரிடம் செய்வது?" என்று சிலர் கருத்துப் பகுதியில் கேட்டிருந்தார்கள். சரியான கேள்வி. ஆள் இல்லாவிட்டால் முடிவை எழுதி வைத்த விதிமுறைகளுக்குக் கைமாற்றுங்கள். தள்ளுபடி எவ்வளவு, எத்தனை நாளுக்குள் பொருளைத் திருப்பித் தரலாம், முன்பணம் இல்லாமல் ஆர்டர் உண்டா என்பதையெல்லாம் ஒரு தடவை யோசித்து எழுதி, வாட்ஸ்அப் பிசினஸில் குவிக் ரிப்ளையாக, அதாவது தேவைப்படும்போது எடுத்து அனுப்பும் தயார் பதிலாகச் சேமியுங்கள். ஒவ்வொருவரிடமும் புதிதாகப் பேரம் பேச வேண்டாம்.

கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் தொழில் என்றால் சாப்பாட்டு நேரத்தில் தொழில் பேச்சு தானாக வந்துவிடுகிறது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். பேசக் கூடாது என்று தடை போட்டால் நிற்காது. படி 1-ஐ இருவரும் ஒரே நோட்டில் சேர்ந்து செய்யுங்கள். அப்புறம் ஞாபகம் வருவதை, பேசாமல் அதிலேயே எழுதி வையுங்கள்.

சீசன் நேரத்தில் மூடும் நேரம் தள்ளிப்போகத்தான் செய்யும். சீசன் முடிந்ததும் வரும் இரண்டு நாளை ஓய்வுக்கென்று இப்போதே நோட்டில் ஒதுக்கிவிட்டு, ஆர்டர் எடுக்கும்போது டெலிவரித் தேதியை அதற்கு அப்பால் சொல்லுங்கள்.