புதருக்குள் கிடக்கும் பழைய செயின் டிராக்டரை அடையாளம் கண்டு மீட்பது எப்படி

புதரை விலக்கியதும் முதலில் பானெட்டும் சைலன்சர் குழாயும்தான் கண்ணில் படும், கை தானாக எஞ்சின் பக்கம் போகும், "இது ஓடுமா?" என்று மனசு கேட்க ஆரம்பித்துவிடும். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். எஞ்சினை எப்படியாவது எழுப்பிவிடலாம். சக்கரத்துக்குப் பதிலாக ஓடும் இரும்புச் செயின், அதன் மேல் உருளும் ரோலர், செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட், ஒரு பக்கச் செயினுக்கு இழுவையைத் துண்டித்து வண்டியைத் திருப்ப பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஸ்டியரிங் கிளட்ச், இவைதான் பணத்தையும் பொறுமையையும் தின்பவை.

முதல் நாள் ஸ்பானரே எடுத்துப் போகாதீர்கள், கழற்றத் தோன்றும். கம்பி பிரஷ், சாக்பீஸ், டேப், டார்ச், போன் போதும். வண்டி யாருடையது என்று முதலில் கேளுங்கள். புதருக்குள் கிடப்பதால் அது யாருக்கும் சொந்தமில்லாதது ஆகிவிடாது. வாங்கினால் சீரியல் நம்பரோடு எழுத்தில் வாங்குங்கள்.

செயினில் ஓடும் எதையும் 'கேட்டர்பில்லர்' என்று சொல்வது நம் பழக்கம், ஆனால் அது ஒரு கம்பெனியின் பெயர். ஹோல்ட், பெஸ்ட் என்ற இரண்டு கம்பெனிகள் 1925-ல் சேர்ந்து உருவானது. ரேடியேட்டர் மேல்தொட்டியில் பெயர் வார்க்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். அதுவும் உடைந்து போயிருந்தால் பெயின்ட்டைக் கேளுங்கள், சீட்டுக்கு அடியில், வெயில் படாத இடத்தில் லேசாகச் சுரண்டினால் அடுக்கு அடுக்காகச் சொல்லும். கேட்டர்பில்லர் வண்டிகள் 1931 கடைசி வரை சாம்பல் நிறம், அதற்குப் பிறகுதான் மஞ்சள். அலிஸ் சால்மர்ஸ் என்ற இன்னொரு கம்பெனியின் வண்டிகள் ஆரஞ்சு. மஞ்சளுக்கு அடியில் சாம்பல் தெரிந்தால் ரொம்பப் பழைய வண்டி என்று சந்தோஷப்படலாம், ஆனால் பிரைமரும் சாம்பலாக இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நிறத்தைவிட நம்பகமானது எஞ்சினின் அமைப்பு. பெரிய டீசல் எஞ்சினோடு ஒட்டி இரண்டு சிலிண்டர் குட்டி பெட்ரோல் எஞ்சின் ஒன்று இருந்தால், பெரியதைச் சுற்றிவிடுவதற்காக வைத்தது அது, பழைய கேட்டர்பில்லர் டீசல் என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். ஒரே எஞ்சினில் ஒரு பக்கம் கார்புரேட்டரும் ஸ்பார்க் பிளக்கும், இன்னொரு பக்கம் டீசல் பம்ப்பும் இருந்தால் இன்டர்நேஷனல் கம்பெனியின் டிடி வரிசை: பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, ஓடிக்கொண்டே டீசலுக்கு மாறும். பக்கவாட்டில் காற்றை உள்ளே தள்ளும் புளோயர் தொங்கும் ஜிஎம் டூ ஸ்ட்ரோக் டீசல் என்றால் அலிஸ் சால்மர்ஸ் எச்டி-5, எச்டி-7, எச்டி-10 மாதிரி ஏதோ ஒன்று. கிளீட்ராக் கம்பெனி வண்டி வேறு ஜாதி, அதில் ஸ்டியரிங் கிளட்ச்சே கிடையாது. இரண்டு செயினுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிபரென்ஷியலில் பிரேக் பிடித்துத் திருப்பும், அதனால் திரும்பும்போதும் இரண்டு செயினுக்கும் இழுவை இருக்கும்.

அடுத்து டேப். ஒரு செயினின் நடுவிலிருந்து அடுத்த செயினின் நடு வரை அளவெடுங்கள். கேட்டர்பில்லர் மாடல்களில் டி2 என்றால் 40 அல்லது 50 அங்குலம், டி4 என்றால் 44 அல்லது 60, டி6 என்றால் 60 அல்லது 74. சீரியல் நம்பரின் முன்னெழுத்தும் இதையே சொல்லும்: போருக்குப் பிந்தைய டி2-வில் 4யூ என்றால் 40 அங்குலம், 5யூ என்றால் 50. இந்த நம்பர் எஞ்சின் பிளாக்கில் தகட்டிலும், பின்னால் கியர் பாக்ஸ் உடம்பில் குத்தியும் இருக்கும். கிரீஸும் மண்ணும் கல்லாக இறுகியிருக்கும், பொறுமையாகத் தேய்த்துவிட்டு சாக்பீஸைப் படுக்கவைத்துத் தடவினால் எழுத்து எழும்பி வரும். வார்ப்பிலேயே புடைப்பாக இருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாறுபவர்கள் நிறைய, அது அந்தப் பாகத்தின் எண், வண்டியின் எண் அல்ல. முன்னும் பின்னும் நம்பர் ஒத்துப்போகவில்லை என்றால் எஞ்சின் மாற்றியிருக்கிறார்கள். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது, விலை பேச உதவும்.

இனி குனிந்து பாருங்கள். ஸ்ப்ராக்கெட் பல் சுறா மீனின் துடுப்பு மாதிரி கூர்ந்து வளைந்திருந்தால் செயினும் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், ஒன்றை மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை. பைனல் டிரைவ் (ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றும் கடைசி கியர் பெட்டி), கியர் பாக்ஸ் இரண்டின் அடிப்பிளக்கையும் மெதுவாகத் தளர்த்துங்கள் (இதற்கு இன்னொரு நாள் ஸ்பானரோடு வரலாம்). ஆயிலுக்கு அடியில்தான் தண்ணீர் நிற்கும், அதனால் முதலில் வருவதே கதையைச் சொல்லிவிடும். ஒரு டம்ளர் தண்ணீர் வந்து பிறகு ஆயில் வந்தால் கவலை இல்லை. வெறும் துருத் தண்ணீராகக் கொட்டினால் யோசிக்க வேண்டும். ஸ்டியரிங் கிளட்ச் அறைகளின் அடியையும் இதே மாதிரி பாருங்கள். பழைய வண்டிகளில் அவை உலர் கிளட்ச், ஆயில் இருக்கக்கூடாது. தண்ணீர் நின்றிருந்தால் பிளேட்டுகள் ஒன்றோடொன்று துருவால் ஒட்டியிருக்கும்.

வெளியே எடுக்கும்போது எடையைக் குறைத்து மதிக்காதீர்கள். டி2-வே 3 டன்னுக்கு மேல், டி7 என்றால் 11 டன்னைத் தாண்டும். முதலில் செயினைச் சுற்றிலும் மண்ணைத் தோண்டுங்கள், ஊடே வளர்ந்த மரத்தை வெட்டுங்கள், பின்களில் துருவிளக்கும் எண்ணெய் விட்டு சில நாள் ஊறவிடுங்கள். கியர் உண்மையிலேயே நியூட்ரலில் இருக்கிறதா என்று மேல்மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள். லிவர் நடுவில் நிற்பதை நம்பி நான் ஒருமுறை இழுத்தேன், உள்ளே கியர் பிடித்திருந்தது, ஜாமாகிக் கிடந்த எஞ்சினையும் சேர்த்து இழுத்ததில் ஒரு கனெக்டிங் ராடு வளைந்ததுதான் மிச்சம். செயின் சுற்றவே மறுத்தால் செயினைப் பிரிப்பதற்கென்றே வைத்த மாஸ்டர் பின்னைக் கண்டுபிடித்துத் தட்டி எடுத்து, செயினைப் பிரித்து, பலகை மேல் ரோலரில் உருட்டலாம். மற்ற பின்களிலிருந்து மாஸ்டர் பின்னின் முனை வேறுபட்டிருக்கும், பெரும்பாலும் குழியோ துளையோ இருக்கும். செயின் சுற்றிவரும் முன்பக்கச் சக்கரமான ஐட்லருக்குப் பின்னால் இருக்கும் பெரிய ஸ்பிரிங்கை மட்டும் தொடவே தொடாதீர்கள், டன் கணக்கில் அழுத்தத்தை அடக்கி வைத்திருக்கும், பிய்த்துக்கொண்டு வந்தால் ஆள் மிஞ்சமாட்டான். இழுக்கும் கம்பிவடத்தின் நேர்க்கோட்டிலும் யாரும் நிற்கக்கூடாது. அந்த இடத்திலேயே ஸ்டார்ட் செய்து ஓட்டி வரலாம் என்ற ஆசையை விடுங்கள், வின்ச் வைத்து லாரியில் ஏற்றுங்கள்.

வீடு வந்த பிறகு எஞ்சின். மூடாத சைலன்சர் குழாய் வழியே மழை இறங்கி பிஸ்டன் பிடித்திருப்பது சகஜம். இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயிலும் (ஏடிஎஃப்) அசிட்டோனும் கலந்து ஊற்றி வாரக்கணக்கில் விடுங்கள். அப்புறம் பிளைவீல் பல்லில் கடப்பாரை வைத்து, ஒரே பக்கம் திருகாமல், முன்னும் பின்னுமாக இம்மி இம்மியாக. சுற்ற ஆரம்பித்ததும் ஆயில், பில்டர் மாற்றி, டீசல் பம்ப்பில் டீசலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் கம்பி வழுக்கிக்கொண்டு நகர்கிறதா பார்த்தே ஆகவேண்டும். அது முழு டீசல் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்டார்ட் ஆன எஞ்சின் நிற்காது, வெடிக்கும்வரை வேகம் ஏறும். காற்றுக் குழாயை அடைக்கத் தட்டையான பலகை ஒன்றோடு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும், கையால் அடைக்க நினைக்கவே வேண்டாம். குட்டி எஞ்சினை ஹேண்டிலால் சுற்றினால் கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள், உதைத்தால் மணிக்கட்டு தப்பும்.

ஓடிவிட்டதா? சரி, இப்போதுதான் அந்த ஸ்டியரிங் கிளட்ச். முதல் கியரில் மெல்ல ஓட்டி ஒரு லிவரை இழுங்கள், வண்டி நேராகவே போனால் கிளட்ச் ஒட்டியிருக்கிறது. எஞ்சினும் கியர் பாக்ஸும் நன்றாகச் சூடான பிறகு, லிவரை இழுத்துப் பிடித்தபடி அந்தப் பக்க பிரேக்கை ஓங்கி மிதித்து, முன்னும் பின்னுமாகச் சில நாள் ஓட்டிப் பாருங்கள், பல வண்டிகளில் 'டப்' என்று விட்டுவிடும். விடவில்லை என்றால் பின்பக்கத்தைப் பிரித்துத்தான் ஆகவேண்டும். அப்போது உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, தகுந்த மாஸ்க் போட்டு, நனைத்துத் துடைத்து எடுங்கள்.