சீலிங் ஃபேன் மெல்லச் சுற்றினால்: ஏணியில் ஏறுவதற்கு முன்னும் பின்னும்

சித்திரை வெயிலில் மதுரை மாடி வீடுகளில் இரவு முழுவதும் ஓடும் சீலிங் ஃபேன், ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தும் சோம்பலாகச் சுற்றினால், மோட்டார் போய்விட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் பழுதாகியிருப்பது, மோட்டார் சுழலத் தொடங்க உதவும் சிறு பாகமான கண்டென்சர்தான். உறுமிக்கொண்டு நிற்கும் ஃபேன், றெக்கையைத் தள்ளிவிட்டதும் சுற்றத் தொடங்கினால் சந்தேகம் அநேகமாகத் தீர்ந்துவிடும். மின்சாரம் இல்லாதபோதும் றெக்கை இறுக்கமாக இருந்தால் அது பேரிங் கோளாறு. அதைப் பட்டறைக்குக் கொடுப்பதே நல்லது.

ஏணியில் ஏறுவதற்கு முன், மின்சாரம் உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பார்ப்பதுதான் இந்த வேலையில் தலையாயது. இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் ஃபேனும் விளக்கும் பெரும்பாலும் அதன் இணைப்பிலேயே இருப்பதால், மெயினை இறக்கியதும் மின்தடை வந்ததுபோல் இன்வெர்ட்டர் தானே மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிடும். எங்கள் வீட்டில் மெயினை அணைத்த பிறகும் ஃபேன் வயரில் டெஸ்டர் எரிந்ததைப் பார்த்த நாளிலிருந்து, மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் நிறுத்தாமல் நான் ஏணியைத் தொடுவதில்லை. டெஸ்டர் வேலை செய்கிறதா என்பதை, மின்சாரத்தை நிறுத்துவதற்கு முன்பே ஒரு பிளக்கில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூரையை ஒட்டி கொக்கியை மூடியிருக்கும் கப்பை இறக்கினால் கண்டென்சர் தெரியும். சில மாடல்களில் அது மோட்டாருக்கு மேலே உள்ள கீழ்க் கப்பில் இருக்கும். வயர்கள் எப்படி இணைந்துள்ளன என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, காப்பிட்ட பிடியுள்ள திருப்புளியால் கண்டென்சரின் இரு முனைகளையும் ஒருமுறை சேர்த்துத் தொட்டு, அதில் மிஞ்சிய மின்னேற்றத்தை நீக்கிய பிறகே கழற்ற வேண்டும். பழையதையே கையில் எடுத்துக்கொண்டு கடைக்குச் சென்று, அதில் எழுதியுள்ள அளவையே கேட்டு வாங்குங்கள். 1200 மில்லிமீட்டர் ஃபேன்களில் பொதுவாக 2.5 மைக்ரோ ஃபாரட் இருக்கும். வேகம் கூடும் என்று பெரிய அளவைப் போட்டால் மோட்டாரின் கம்பிச்சுருள் (காயில்) சூடேறிக் கருகிவிடும்.

புதிய ஃபேன் மாட்டும்போது, கான்கிரீட் கூரையில் கம்பியோடு சேர்த்துக் கட்டப்பட்ட கொக்கியையே நம்ப வேண்டும். மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் மர உத்தரத்தில்தான் ஃபேன் தொங்கும்; அந்த உத்தரத்தைக் கரையான் அரித்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்காமல் பாரம் ஏற்றக் கூடாது. ஃபால்ஸ் சீலிங் பலகை ஒருபோதும் ஃபேனைத் தாங்காது. ரப்பர் புஷ்ஷைப் போட்டு, போல்ட்டை நட்டால் இறுக்கியபின், ஸ்ப்ளிட் பின்னைச் செருகி அதன் இரு கால்களையும் விரித்து மடக்குங்கள். நட்டு தளர்ந்தாலும் கழன்று விழாமல் தடுப்பது இந்தச் சிறு கம்பிதான். றெக்கைகள் தரையிலிருந்து 2.4 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருக்க வேண்டும்.

ஃபேன் ஆடினால், ஒவ்வொரு றெக்கையின் நுனிக்கும் கூரைக்கும் உள்ள இடைவெளியைக் குச்சியால் அளந்து, வேறுபடும் றெக்கையின் திருகுகளைச் சரிசெய்யுங்கள்.

சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி விளக்கு மங்கலாக ஒளிர்கிறது என்று சிலர் பல்பை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மின்சாரம் வரும் ஃபேஸ் வயருக்குப் பதிலாக, அது திரும்பிச் செல்லும் நியூட்ரல் வயர் சுவிட்சுக்குப் போயிருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்; அப்படியானால் அணைத்த விளக்கின் ஹோல்டரிலும் மின்சாரம் இருக்கும் என்பதால், உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனை அழைத்து அந்த இணைப்பை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.